சத்துவாச்சாரி வீட்டுக் கொல்லையில் மல்பெரி: எட்டு ஆண்டு அனுபவம்

பறித்த அன்றே தின்றாக வேண்டிய மென்மையான பழம் எதையாவது வேலூர் வெயிலில் வீட்டில் வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, மல்பெரி வையுங்கள், ஆனால் கிளையை வெட்டத் தயங்காதீர்கள் என்றே நான் விடை சொல்வேன். இதற்கு முன் இரண்டு முறை உதகையிலிருந்து ஸ்ட்ராபெரி நாற்றுகளைக் கொண்டுவந்து தொட்டியில் வைத்தேன். தை மாதம் வரை தளிர்த்து நின்றவை, இரவிலும் புழுக்கம் குறையாத பங்குனியில் கருகிப்போயின. நிழல்வலை கட்டியும் அவற்றைக் காப்பாற்ற முடியவில்லை.

2017 ஆடியில் மல்பெரிக் குச்சிகளை நட்டேன். எழுதுகோல் பருமனில், நான்கு கணுக்கள் உள்ள ஐந்து குச்சிகளை மணலும் மக்கிய சாணமும் கலந்த பைகளில் ஊன்றியதில் மூன்று வேர்விட்டன. அவற்றில் ஒன்றை மட்டும் கொல்லையில், சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைத்தேன். இதன் வேர் ஈரத்தைத் தேடி ஓடும் இயல்புடையது என்பதால், கழிவுநீர்த் தொட்டிக்கும் நிலத்தடி நீர்த்தொட்டிக்கும் அருகே நட வேண்டாம். குச்சி வாங்கும்போது தாய்மரத்தின் பழத்தைத் தின்று பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. பட்டுப்புழு வளர்ப்போர் வைத்திருக்கும் ரகங்கள் இலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை.

முதல் இரண்டு ஆண்டுகள் நான் மரத்தைத் தொடவே இல்லை. அது மாடிக் கைப்பிடிச் சுவர் வரை உயர்ந்து, இலையாய்த் தழைத்து, எட்டாத நுனிகளில் மட்டும் சில பழங்களைக் காட்டியது. வாணியம்பாடிப் பக்கம் பட்டுப்புழு வளர்த்து வந்த என் கணவரின் பெரியப்பா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "வெட்டாம வெச்சா எப்படிம்மா காய்க்கும்? நாங்க இலைக்கு வெட்டுறோம், நீ பழத்துக்கு வெட்டு" என்றார். மல்பெரி புதிதாகத் துளிர்க்கும் கிளையிலேயே காய்க்கிறது; துளிர் மொட்டு விரியும்போதே பிஞ்சும் அதனுடன் வெளிவருகிறது. ஆகவே எத்தனை புதுத் துளிர்களை வரவழைக்கிறோமோ அத்தனை பழம் கிடைக்கும்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறை இதுதான். கை பருமனுள்ள மூன்று தாய்க்கிளைகளை இடுப்பளவு உயரத்தில் நிறுத்திவிட்டு, அவற்றிலிருந்து கிளம்பிய கிளைகளை ஒரு சாண் விட்டு வெட்டி, மிச்சமுள்ள இலைகள் அனைத்தையும் கையால் உருவிவிடுகிறேன். பின்பு அடிமரத்தைச் சுற்றிப் பாத்தியைக் கொத்தி, இரண்டு கூடை மக்கிய சாணமும் அரைக் கிலோ வேப்பம்புண்ணாக்கும் இட்டு நன்றாக நீர் பாய்ச்சினால், பத்து நாளில் கணுக்கள் வெடிக்கின்றன. ஆறேழு வாரத்தில் முதல் பழம் கறுக்கிறது. மரத்தின் ஒரு பாதியை முதலிலும் மறு பாதியைப் பதினைந்து நாள் கழித்தும் வெட்டுவதால், மூன்று வாரத்தில் முடியும் அறுவடை ஐந்து வாரம் வரை நீள்கிறது.

எப்போது வெட்டுகிறோம் என்பது எப்படி வெட்டுகிறோம் என்பதைவிட முக்கியமானது என்பதை நான் தவறு செய்தே கற்றுக்கொண்டேன். சித்திரையில் வெட்டிய ஆண்டில், துளிர்கள் கத்திரி வெயிலில் தீய்ந்துபோயின. 2021 நவம்பரில், பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் ஓடிய அந்த மழைக்காலத்தில், மரம் முழுவதும் பழுத்திருந்தும் பழங்கள் நீர் கோத்துச் சப்பென்று இருந்தன. பாதிக்கு மேல் பூஞ்சணம் பிடித்து வீணாயின. இப்போது மழை ஓயும் மார்கழித் தொடக்கத்தில் ஒரு முறையும், கத்திரி கழிந்து ஆனியில் ஒரு முறையும் மட்டுமே வெட்டுகிறேன். தை, மாசியில் பழுப்பவைதான் இனிப்பில் சிறந்தவை. அந்தப் பருவத்தில் சென்ற ஆண்டு மொத்தமாக நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது.

பழம் பச்சையிலிருந்து சிவந்து, பின்பு கருநீலமாகக் கறுக்கும். சிவந்த நிலையில் பார்க்க அழகாக இருந்தாலும் புளிக்கும். பறித்து வைத்தால் பழுக்கவும் பழுக்காது. முழுதும் கறுத்து, விரல் பட்டவுடன் உதிரும் பழமே பக்குவமானது. அதனால் விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துக் கிளையை மெல்ல உலுக்குகிறேன். அகலமான தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். கழுவி வைத்தால் மறுநாளே குழைந்துவிடும். இந்தப் பழம் நேதாஜி மார்க்கெட்டில் மலைபோல் குவியாததற்கும் இந்த மென்மையே காரணம்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் மண்மேல் வெள்ளையாக உப்புப் படிய வைக்கும் நீர். கோடையில் இலை விளிம்புகள் காய்ந்ததற்கு அதுவே காரணம் என்று கருதி, அடிமரத்தைச் சுற்றிச் சருகு மூடாக்கு இட்டேன். கூரையில் விழும் மழைநீரையும் பாத்திக்குத் திருப்பிய பிறகு இலை காய்வது பெரிதும் குறைந்தது. துளிர் நுனி சுருண்டு தடித்தால் அது மாவுப்பூச்சியால் வரும் துக்ரா என்னும் பாதிப்பு. நுனியைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் அமிழ்த்துவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புடன் கரைத்துத் தெளிக்கிறேன். காய் பிடித்த பின் எதையும் தெளிப்பதில்லை.

பறவைகளுக்காக ஒரு முறை நைலான் வலை போர்த்தியதில் கொண்டைக்குருவி ஒன்று கால் சிக்கித் துடித்தது. அதை விடுவித்த கையோடு வலையையும் கழற்றிவிட்டேன். இப்போது கைக்கெட்டும் நான்கைந்து கிளைகளுக்கு மட்டும் பழைய பருத்திச் சேலையைப் பைபோலத் தைத்துக் கட்டுகிறேன். மேற்கிளைகள் குயிலுக்கும் அணிலுக்கும் உரியவை. வெட்டிய குச்சிகளை மார்கழியில் எடுத்து வைக்கிறேன். கேட்கும் அக்கம்பக்கத்தாருக்கு, முதலில் பழத்தைத் தின்னக் கொடுத்துவிட்டுத்தான் குச்சியைத் தருகிறேன்.