புது பிளேடுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழைய பிளேடால் சவரம்: சலூனுக்குச் செல்வோர் கவனத்துக்கு

சென்னையின் குளிரூட்டப்பட்ட சலூன்கள் சிலவற்றில் இப்போது ‘பாரம்பரியக் கத்திச் சவரம்’ என்ற பெயரில் ஒரு சேவை நல்ல விலைக்கு விற்கப்படுகிறது. அப்படிப்பட்ட கடை ஒன்றில், புது பிளேடும் புதுத் துண்டும் அடங்கிய ‘சுகாதார கிட்’ என்று பில்லில் தனியாக 80 ரூபாய் போட்டுவிட்டு, வேறொருவருக்குப் பயன்படுத்திய பிளேடாலேயே எனக்குச் சவரம் செய்தார்கள். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் இந்த ஏமாற்று எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால், எந்தக் கடையிலும் அதைக் கண்டுகொள்ளலாம்.

சலூன்களில் இன்று பெரும்பாலும் இருப்பது, தோல்வாரில் தீட்டித் தீட்டிப் பயன்படுத்திய அந்தக் காலத்து முழுக் கத்தியன்று. கத்தி வடிவிலான மடக்குப் பிடி ஒன்றில், இருபுறமும் கூருள்ள சாதாரண பிளேடை உறையோடு நீளவாக்கில் மடித்து ஒடித்து, ஒரு பாதியைச் செருகிக்கொள்கிறார்கள்; மறுபாதி அடுத்தவருக்கு. இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் உறைக்குள் திரும்பிப் போன பாதி புதியதா, ஏற்கெனவே ஒரு கன்னத்தைப் பார்த்துவிட்டு வந்ததா என்பதை நாற்காலியில் சாய்ந்திருப்பவர் அறிய முடியாது. என் முறை வந்தபோது பிளேடு ஒடிபடும் சத்தமே கேட்கவில்லை; திறந்த உறையிலிருந்து எதையோ எடுத்துச் செருகுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். கேட்டதற்கு, “புதுசுதான் சார்” என்றார் அந்தப் பையன்.

தாடைக்குக் கீழே சற்று அழுத்தி இழுத்ததில் கீறி ரத்தம் வந்தது. பிடியைத் திறந்து காட்டச் சொன்னேன். பிளேடின் நடுத்துளையோரம் காய்ந்த சோப்பு பொருக்குத் தட்டிப் போயிருந்தது. அதில் பொடிப்பொடியாக வெள்ளை முடித் துணுக்குகள். என் தாடியில் இன்னும் நரை விழவில்லை.

இதைவிட மோசமானது, சவரத்துக்கு நடுவே அவர் கத்தியைச் சுத்தம் செய்த விதம். ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியில் சேரும் நுரையையும் முடியையும் துடைத்தாக வேண்டும். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் அதற்காக ஆளுக்கொரு செய்தித்தாள் துண்டைக் கிழித்துத் தோளில் போட்டு, அதிலேயே துடைத்து, வேலை முடிந்ததும் சுருட்டிக் குப்பையில் எறிவார். அவர் கேட்பதோ இந்தக் கடையின் விலையில் கால்வாசிகூட இல்லை. இங்கே அழகான பீங்கான் கிண்ணத்தில் ஒரு ஸ்பாஞ்சு. பலருடைய நுரையில் ஊறிச் சாம்பல் நிறமாகிப் போன தண்ணீர். அதில்தான் கத்தியை முக்கி முக்கித் துடைத்தார். பொதுவான ஸ்பாஞ்சில் துடைக்கும் கடையில், பிளேடு உண்மையிலேயே புதியதாக இருந்தாலும் முதல் இழுப்போடு அதன் புதுமை போய்விடுகிறது. ஆகவே அந்த 80 ரூபாய் எப்படிப் பார்த்தாலும் ஏமாற்றுதான்.

உரிமையாளரிடம் முறையிட்டபோது, “எல்லாத்தையும் டெட்டால்ல போட்டுத்தான் சார் எடுக்கிறோம்” என்றார். ஒரு நொடி முக்கி எடுப்பதால் கிருமி சாவதில்லை. எந்தக் கிருமிநாசினியும் சரியான அளவில், குறிப்பிட்ட நேரம் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், அதற்கு முன் நுரையும் ரத்தமும் கழுவப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் படிகாரக் கட்டி ஒன்றை ஈரமாக்கி என் காயத்தில் தேய்க்க வந்தார்கள். படிகாரம் ரத்தத்தை நிறுத்தும், கத்தி விட்டுச்சென்ற தொற்றை நீக்காது. ஒரே கட்டியை எல்லோர் முகத்திலும் தேய்ப்பது இன்னொரு வழியைத் திறந்துவிடுவதாகும்.

சில நாட்களில் கழுத்து முழுவதும் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பின. மயிர்க்கால்களில் ஏற்பட்ட பாக்டீரியாத் தொற்று என்று தோல் மருத்துவர் களிம்பு எழுதிக்கொடுத்தார். கொப்புளங்களைவிட அவர் கவலைப்பட்டது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பற்றித்தான். உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் தாக்குப்பிடிக்கும் அந்த வைரஸுக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். இந்தியாவில் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் அதற்கான ஊசி சேர்ந்தது 2011-இல்தான் என்பதால், என் வயதுக்காரர்களில் பலர் அதைப் போட்டிருக்கவே மாட்டார்கள். 0, 1, 6 மாதக் கணக்கில் போட வேண்டிய மூன்று ஊசிகளில் முதலாவதை அன்றே எனக்குப் போட்டார். உண்மையில் இது கீறல்பட்ட 24 மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டிய ஊசியாம். எச்.ஐ.வி. சலூன் கத்தியால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும், அந்த ஐயத்துக்கு மருந்து தொடங்குவதானால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்றார். ஆகவே சந்தேகமான பிளேடால் கீறல் விழுந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சலூனில் உட்காரும்போது, உறை பிரிக்காத பிளேடை உங்கள் கண்ணெதிரே ஒடிக்கச் சொல்லுங்கள். மீதிப் பாதியை நீங்களே வாங்கி வைத்துக்கொண்டாலும் தவறில்லை. பிடியின் வாயைத் திறந்து கழுவச் சொல்லுங்கள், பழைய நுரை தங்குவது அங்கேதான். துடைப்பதற்குப் புதுக் காகிதம் வேண்டும்; ஸ்பாஞ்சு, ரப்பர் கிண்ணம், முன்பே ஈரமாக இருக்கும் துண்டு எதுவானாலும் மறுத்துவிடுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஒழுங்காகத் தொழில் செய்பவர் இதற்குக் கோபப்படுவதில்லை.

பில்லும், கிண்ணத்தைக் கைபேசியில் எடுத்த படமும் என்னிடம் இருந்ததால் ‘கிட்’ பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். மருத்துவச் செலவைக் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மாநகராட்சி சுகாதார ஆய்வாளரிடமும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது.