சகோதர சங்கத்தில் சேர ஆசையா? மேசனா, ஆட்ஃபெலோவா, ரோட்டரியா

மேசன்கள், ஆட்ஃபெலோஸ் போன்ற சகோதர சங்கங்களில் சேரலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் முதல் நாளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கண்ணைக் கட்டுவார்களா, என்ன சத்தியம் வாங்குவார்கள், கைகுலுக்குவதில் என்ன சங்கேதம் என்று. அதெல்லாம் ஒரே ஒரு மாலையில் முடிந்துவிடும். மூன்றாம் வருடத்தில் ஒரு நாள், வேலை முடிந்து களைத்து வீடு திரும்பிய பிறகு, மறுபடி சட்டையை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்ப வைப்பது எது? இதை வைத்து அளந்தால், தூரத்திலிருந்து ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளாகத் தெரியும் சங்கங்கள் எவ்வளவு வேறானவை என்று புரியும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஃப்ரீமேசன்கள், சுருக்கமாக மேசன்கள். மேசன் என்றால் கொத்தர். லண்டனில் நான்கு லாட்ஜ்கள், அதாவது உள்ளூர்க் கிளைகள், கூடி 1717-ல் தங்களுக்குத் தலைமை அமைப்பாக முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. 1723-ல் விதிநூல் அச்சானது. பயிலுநர், கைவினைஞர், தலைமைக் கொத்தர் என்று மூன்று படிகள். மூன்றுக்கும் தனித்தனிச் சடங்கு. ரகசியம் என்று பெரிதாகப் பேசுவார்கள். ஆனால் 1730-லேயே ஒரு முன்னாள் உறுப்பினர் அந்தச் சடங்குகளை அச்சிட்டு லண்டனில் விற்றுவிட்டார். இன்று யார் வேண்டுமானாலும் தேடிப் படிக்கலாம்.

ஆனால் படிப்பதும் அனுபவிப்பதும் ஒன்றாகாது. முதல் படிச் சடங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகுமுன் உங்களிடம் உள்ள காசு, மோதிரம், உலோகம் எதுவானாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு, கால்சட்டையின் ஒரு காலை முழங்கால்வரை சுருட்டிவிட்டு அழைத்துப் போவார்கள். சத்தியம் முடிந்து கட்டவிழ்த்த பிறகு, லாட்ஜின் வடகிழக்கு மூலையில் நிறுத்தி, ஏழைகளுக்காக ஏதாவது கொடுங்கள் என்று கேட்பார்கள். கையைத் துழாவினால் ஒன்றும் இருக்காது. எல்லோர் முன்னாலும் கொடுக்க வழியில்லாமல் நிற்கும் அந்தச் சங்கடத்தை மறந்துவிடாதே, இல்லாமையில் ஒரு சகோதரன் வந்து நிற்கும்போது இதை நினைத்துக்கொள் என்பார்கள். நாடகம்தான். ஆனால் தேர்ந்த நாடகம்.

இந்த நாடகத்தை நடத்துவதே மேசன்களின் முக்கிய வேலை. வசனங்களைப் புத்தகம் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும் என்பது பல இடங்களில் எழுதாத சட்டம். பதவி ஏற ஏறப் பாடமும் நீளும். தனியாக ஒத்திகைக் கூட்டங்களும் உண்டு. மனப்பாடம் செய்வதில் ருசி உள்ளவருக்கு இது சொர்க்கம். இல்லாதவருக்கு இரண்டாம் வருடமே கொட்டாவி வரும். லாட்ஜுக்குள் மதச் சர்ச்சை, அரசியல் இரண்டுக்கும் தடை. எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்தது அதுதான். இரண்டு மணி நேரம் தேர்தலைப் பற்றி யாரும் வாய் திறக்காத அறை இன்று வேறெங்கே கிடைக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லாட்ஜ்களுக்கு எப்போதும் ஆள் தேவை. எழுத்தாளர் கிப்ளிங்குக்கு 21 வயது நிரம்பாதபோதே, 1886-ல், லாகூர் லாட்ஜில் விலக்கு கொடுத்துச் சேர்த்தார்கள். நல்ல செயலாளர் கிடைப்பார் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் செய்தார்கள் என்று அவரே பின்னாளில் எழுதினார். இன்றும் நிலைமை அதேதான். அமெரிக்காவில் 1959-ல் 40 லட்சத்தைத் தாண்டியிருந்த மேசன்கள் இப்போது 10 லட்சத்துக்கும் கீழே. அதனால் புதியவருக்கு வரவேற்பு பலமாக இருக்கும், பதவியும் சீக்கிரம் தலையில் விழும். தட்டிக்கழிக்கத் தெரியாதவர் ஜாக்கிரதை.

யார் சேரலாம்? பழைய மரபில் வரும் லாட்ஜ்களில் ஆண்கள் மட்டும். பரம்பொருள் ஒன்று உண்டு என்ற நம்பிக்கை கட்டாயம். எந்த மதம் என்று கேட்பதில்லை, அவரவர் வேதத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்யலாம். பிரான்சின் மேசன் தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியன்ட் 1877-ல் இறைநம்பிக்கை நிபந்தனையைக் கைவிட்டது. இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் உறவை முறித்துக்கொண்டது. அந்தப் பிளவு இன்றும் ஆறவில்லை. நாத்திகராக இருந்தால் பிரெஞ்சு மரபு லாட்ஜ்தான் வழி. பெண்களுக்கு, 1893-ல் பாரிஸில் தொடங்கிய இருபாலர் அமைப்பான ல துருவா யுமேன் இருக்கிறது. பிரிட்டனில் 1908-ல் தொடங்கி, இப்போது பெண்கள் மட்டுமே உள்ள அமைப்பும் உண்டு. ஒரு மரபில் சேர்ந்தவர் மற்றதன் கூட்டத்தில் போய் உட்கார முடியாது என்பதால், எந்தக் கிராண்ட் லாட்ஜின் கீழ் வருகிறது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கத்தோலிக்கருக்கு இந்தக் கதவு மூடியே இருக்கிறது. 1738-ல் போப் விதித்த தடையை வத்திக்கான் 1983-லும் 2023-லும் மறுபடி உறுதி செய்தது. அவர்களுக்காகவே வந்த மாற்று நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ். மைக்கேல் மெக்கிவ்னி என்ற இளம் பாதிரியார் 1882-ல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் தொடங்கினார். சம்பாதிக்கும் ஆண் இறந்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிடும் காலம் அது. ஆகவே ஆரம்பத்திலிருந்தே காப்பீடுதான் இதன் முதுகெலும்பு. இன்று 20 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள். 2020 முதல் சேர்க்கைச் சடங்கைக் குடும்பத்தாரும் உட்கார்ந்து பார்க்கலாம். ஆக, தேவாலயப் பங்கு வாழ்க்கையில் ஊறிய கத்தோலிக்க ஆணுக்கு யோசிக்கவே வேண்டாம். மற்றவருக்கு இடமே இல்லை.

என் ஓட்டு இவர்களில் யாருக்கும் இல்லை, அவ்வளவாகப் பேசப்படாத ஆட்ஃபெலோஸுக்கு. இங்கிலாந்தில் பிறந்த மரபு. லண்டன்காரரான தாமஸ் வைல்டி என்ற கொல்லர் பால்டிமோரில் குடியேறிய பிறகு, இங்கே வேறு ஆட்ஃபெலோ யாராவது இருக்கிறீர்களா என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். 1819 ஏப்ரல் 26 அன்று ஒரு மதுக்கடையில் ஐந்து பேர் கூடினார்கள். அமெரிக்கக் கிளையின் ஆரம்பம் அவ்வளவுதான். நட்பு, அன்பு, உண்மை என்று மூன்று வளையங்கள் சின்னம். நோயாளியைப் பார்த்து வா, துன்பப்பட்டவனுக்கு உதவு, இறந்தவரை அடக்கம் செய், அநாதையைப் படிக்க வை என்று நான்கு கட்டளைகள். சடங்கில் சவப்பெட்டியும் எலும்புக்கூடும் வரும். பழைய லாட்ஜ் கட்டடங்களை இடிக்கும்போது அந்த எலும்புக்கூடு அகப்பட்டு, போலீஸ் வரை போன சம்பவங்கள் உண்டு.

அந்தக் கட்டளைகள் வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. உறுப்பினர் சந்தா கட்டுவார். படுத்துவிட்டால் லாட்ஜ் பணம் கொடுக்கும், செத்தால் செலவை ஏற்கும். பிறகு அரசாங்கங்களே அந்த வேலையைக் கையில் எடுத்தன. பிரிட்டனில் 1911-ன் காப்பீட்டுச் சட்டமும் 1948-ன் தேசிய சுகாதார சேவையும், அமெரிக்காவில் 1935-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்த பிறகு இந்தச் சங்கங்கள் தேய ஆரம்பித்தன. பணம் கொடுக்கும் வேலை போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் உட்காரும் வேலைக்கு இன்னும் மாற்று வரவில்லை. நல்ல லாட்ஜ் என்றால் அது நடக்கிறது. பெண்களுக்கு 1851-லேயே ரெபேக்கா என்ற தனிப் படிநிலை உருவானது; இப்போது அமெரிக்காவில் லாட்ஜிலேயே சேரலாம். இறைநம்பிக்கை இங்கும் வேண்டும். மனப்பாடச் சுமை குறைவு. குறை என்னவென்றால், வட அமெரிக்காவையும் ஸ்காண்டிநேவியாவையும் தாண்டினால் லாட்ஜ் கண்ணில் படுவது அபூர்வம். இருக்கும் இடங்களிலும் சில லாட்ஜ்களில் ஏழெட்டு முதியவர்கள்தான் மிச்சம்.

ரோட்டரி (1905), லயன்ஸ் (1917) இரண்டும் சிகாகோவில் பிறந்தவை. சடங்கு இல்லை, சத்தியம் இல்லை, கடவுள் கேள்வியும் இல்லை. பெண்களை 1980-களின் கடைசியில்தான் சேர்த்துக்கொண்டார்கள். ரோட்டரி விஷயத்தில் அதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1987 தீர்ப்பு தேவைப்பட்டது. செய்த வேலையைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவருக்கு இதுவே சரி. 1985 முதல் போலியோவுக்கு எதிராக ரோட்டரி செய்ததற்கு ஈடாக மேசன்கள், நைட்ஸ், ஆட்ஃபெலோஸ் மூன்றும் எதையும் காட்ட முடியாது. ஆனால் இதைச் சகோதர சங்கம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வதற்கென்றே வருகிறவர்கள் நிறைய. தொழில் தொடர்புதான் நோக்கம் என்றால் வெட்கப்படாமல் நேராக இங்கே வாருங்கள், மேசன் லாட்ஜில் போய் அதைத் தேடாதீர்கள். அங்கே விண்ணப்பப் படிவத்திலேயே, லாப நோக்கத்தில் சேரவில்லை என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

சேரும் வழி பெரும்பாலானவற்றில் ஏறக்குறைய ஒன்றே: பரிந்துரைக்க உறுப்பினர், நேர்காணல், அப்புறம் ஓட்டெடுப்பு. மேசன் லாட்ஜ்களில் வெள்ளை, கறுப்புக் குண்டுகளைப் பெட்டியில் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. விழும் ஒன்றிரண்டு கறுப்பிலேயே கதை முடிந்துவிடலாம். யார் போட்டது என்று சொல்ல மாட்டார்கள். விண்ணப்பிக்கும் முன் அவர்களுடைய விருந்துக்கோ பொது நிகழ்ச்சிக்கோ இரண்டு மூன்று தடவை போய்ப் பாருங்கள். போன வருடம் உடம்பு முடியாமல் படுத்த உறுப்பினரைப் பார்க்க யார் போனார்கள் என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் நல்ல லாட்ஜ். தலைமையகத்தின் அறக்கொடைத் தொகையைச் சொன்னால் இன்னொரு லாட்ஜையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ “இல்லுமினாட்டியில் சேருங்கள், பணமும் புகழும் நிச்சயம்” என்று வரும் அழைப்புகள் மொத்தமும் மோசடி. 1776-ல் பவேரியாவில் தொடங்கிய இல்லுமினாட்டியை அடுத்த பத்து வருடத்துக்குள் அந்த அரசே தடை செய்து ஒடுக்கிவிட்டது. முகம் தெரியாதவர் முன்பணம் கேட்டால் பதில் போடாமல் பிளாக் செய்யுங்கள். உண்மையான லாட்ஜ் உங்களை நேரில் பார்த்துப் பேசாமல், ஓட்டெடுப்பு நடத்தாமல் சேர்க்காது. அதற்கே சில மாதங்கள் ஆகலாம்.