நான்கு அங்குலத்தில் கோட்டை விட்ட ஸ்டாண்டு: பத்மினியோடு இரண்டு வருடம்

இடது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ். வலது கை ஆள்காட்டி விரலால் மட்டும் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன ஞாயிறு, நான் புதுப்பித்துக்கொண்டிருக்கும் பழைய பிரீமியர் பத்மினி காரின் கூடு (உள்ளே ஒன்றும் இல்லாத வெறும் உடம்பு), அதை உருட்டித் திருப்ப நானே செய்த ஸ்டாண்டில் தானாகத் திரும்பி, கூரை விளிம்பால் கையில் ஒரு போடு போட்டது. எலும்பு தப்பியது. அன்று சாயங்காலமே வில்லியனூரிலிருந்து மைத்துனன் போன் செய்கிறான்: "மாமா, உங்க ஸ்டாண்டு மாதிரியே என் அம்பாசடருக்கும் ஒண்ணு போடலாம்னு பார்க்கிறேன். எப்படி இருக்கு, திருப்தியா?"

கேட்ட நேரம் அப்படி. அவனிடம் இரண்டு வார்த்தையில் சொன்னதை இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். நிதானம் எத்தனை பத்தி தாங்கும் என்று தெரியாது.

முன்னால் ஒரு தூண், பின்னால் ஒரு தூண், பம்பர் பிராக்கெட்டில் பிடித்து காரின் கூட்டை அப்படியே உருட்டும் அச்சு. இது என்ன சாமான் என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாத எங்கள் தெருக்காரர்கள் 'கிரில் சிக்கன் ஸ்டாண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கறிக்கடை வாசலில் சாயங்காலம் கோழி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

மொத்தச் செலவு ₹12,000. வீட்டில் சொன்ன கணக்கு ₹7,000. இரும்பு முழுக்கக் கடலூர் முதுநகரில் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியது. வீல்கள் புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பொறுக்கியவை. சுழலும் பாகத்துக்கு பைப்புக்குள் பைப். 3 அங்குல சி-கிளாஸ் (தடித்த ரகம்) பைப்பின் உள்விட்டம் சுமார் 79 மி.மீ., 2½ அங்குல பைப்பின் வெளிவிட்டம் 76. உள்ளே போட்டால் கடகடவென்று ஆடும். படகு எஞ்சின் வேலை பார்க்கும் ஒரு லேத்தில் கொடுத்து, அந்த மூன்று மில்லிமீட்டரை அடைக்க நைலான் புஷ் (வளையம்) கடைந்து வாங்கினேன். கிரீஸ் தடவி ஏற்றியதிலிருந்து இன்றுவரை ஒரு முனகல்கூட இல்லை. அந்த லேத்துக்காரர் கைக்கு மோதிரம் போடலாம். அவர் சொன்ன இன்னொன்றைக் கேட்காமல் போனதற்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன், அதற்கு வருகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாவம்.

காருக்கு அடியில் மல்லாந்து படுத்து வெல்டிங் அடித்தவருக்குத் தெரியும், பொறி சட்டைக் காலருக்குள் இறங்கும் சுகம். கம்பி பிரஷ் போட்டால் துரு முழுக்கக் கண்ணில். இந்த ஸ்டாண்டில் கூட்டைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினால் அடித்தளம் சுவர் மாதிரி எதிரில் நிற்கும். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்தில் டீயை வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். முழுக்கக் கவிழ்த்தால் மேலிருந்து கீழாகப் பற்ற வைக்கலாம், உலோகம் ஒழுகாது, என்னைப் போன்ற அரைகுறை வெல்டருக்கும் தையல் நேராக வரும். எங்கள் ஊர் உப்புக் காற்றில் இன்று தேய்த்துப் பளபளவென்று விட்ட தகடு நாளைக் காலையில் செம்பட்டை பூத்திருக்கும். அன்றைக்குத் தேய்த்ததை அன்றைக்கே ரெட் ஆக்சைடு (துருத் தடுப்புப் பெயின்ட்) அடித்து மூட வேண்டும். படுத்துக்கொண்டு வேலை செய்தால் அந்த வேகம் வராது.

மணல் கதையையும் சொல்ல வேண்டும். இந்த வண்டி தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்தபடி பல வருடம் நின்றது. முதல் முறை கவிழ்த்தபோது கதவடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பக்கெட் மணல் கொட்டியது. இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு கைப்பிடி வருகிறது. எங்கே ஒளித்து வைத்திருக்கிறதோ!

சரி, அந்த நான்கு அங்குலம்.

பத்மினியின் பம்பர் பிராக்கெட் தாழ்வாக இருக்கும். அச்சை அதற்கு நேராக வைத்தால் கூட்டின் கனமையம் (எடை இருபக்கமும் சமமாகும் புள்ளி) அச்சுக்கு மேலே போய்விடும், தலை கனத்துப்போய்த் தானாகக் கவிழப் பார்க்கும். அதனால் பிராக்கெட்டிலிருந்து ஒரு கழுத்து எழுப்பி, அச்சைக் கனமையத்தின் உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும், அதுதான் கொடுமை. நான் ஆறு அங்குலம் எழுப்பினேன். லேத்துக்காரர் தகட்டை வரைந்தே காட்டினார்: "கழுத்தை பிக்ஸ் பண்ணிடாதீங்க சார். ரெண்டு தகடு போட்டு அங்குலத்துக்கு ஒரு ஓட்டை போட்டுத் தர்றேன். ஏத்தி இறக்கிக்கலாம். ஆயிரத்து ஐந்நூறு ஆகும்." ஏற்கெனவே ஏழாயிரம் தாண்டியிருந்தது. ஆறு அங்குலம் போதும் என்று மனக்கணக்குப் போட்டு, இரண்டு முனையிலும் ஒரேயடியாகப் பற்ற வைத்தேன்.

கூட்டை ஏற்றி, அது சுழலாமல் பிடித்திருக்கும் பூட்டுப்பின்னை முதல் முறை உருவியதும், அது மெதுவாக என் பக்கம் சாய ஆரம்பித்தது. பதறிப்போய் நானும் மகனும் பிடித்து நிறுத்தினோம். அப்புறம் பக்கவாட்டில் திருப்பி, கூரையின் மழைநீர் விளிம்பில் மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். 31 கிலோ காட்டியது. அச்சிலிருந்து அந்த விளிம்பு 80 செ.மீ. எஞ்சின், கதவு, கண்ணாடி எல்லாம் கழற்றிய கூடு 250 கிலோ என்று வைத்துக்கொண்டால், கனமையம் அச்சுக்கு மேலே 10 செ.மீ.யில் உட்கார்ந்திருக்கிறது. நான்கு அங்குலம். ₹1,500 மிச்சம் பிடித்த நான்கு அங்குலம்.

வைத்தியம் ஒன்று செய்தேன். தாத்தாவின் மளிகைக் கடை எடைக்கற்கள் பரணில் கிடந்தன. பத்து கிலோ ஐந்து, ஐந்து கிலோ ஒன்று. ஆக 55 கிலோவையும் நைலான் கயிற்றால் அடித்தளத்தின் குறுக்குச் சட்டத்தில் கட்டியதும் கூடு சொன்னபடி கேட்டது. ஒரு விரலால் தள்ளினால் சுற்றும், விட்ட இடத்தில் நிற்கும். அந்த ஆறு மாதம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விரலால் சுற்றிக் காட்டினேன்.

பிறகு துருப்பிடித்த அடித்தளத்தை வெட்டும் நாள் வந்தது. பத்மினிக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் சட்டம். அடித்தளத்தை வெட்டும்முன் கதவு இடைவெளிகளில் குறுக்கே பைப் பற்ற வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு முனையில் மட்டும் தொங்கும் கூடு நடுவில் தொய்ந்து, பிறகு ஜென்மத்துக்கும் கதவு சாத்தாது. அதை ஒழுங்காகச் செய்தேன். மறந்தது வேறு. அடித்தளம் போனால் கீழ்க்கனம் குறையும், தலைக்கனம் இன்னும் ஏறும். அதைவிட முக்கியம், எடைக்கல் கட்டிய சட்டமே போய்விட்டது! அன்றிலிருந்து ஒவ்வொரு திருப்பலுக்கும் ஆள் வேண்டும். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஒரு மூலையைப் பிடிப்பார். மகன் காலேஜ் போய்விட்டான், பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பார்த்தாலே செருப்பைத் தேடுகிறார். தனியாக வேலை செய்யத்தானே இதைச் செய்தேன்?

போன ஞாயிறு யாரையும் கூப்பிடக் கூடாது என்று ஒரு வீம்பு. பின்னை உருவினேன். மீதி இந்த பேண்டேஜ்.

கழுத்தை இப்போது மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். கூட்டை இறக்க செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கப்பி) வேண்டும், அதை மாட்ட எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் உத்தரம் இல்லை. இறக்கினாலும் முன்பின் அச்சுகளை மறுபடி ஒரே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். கோடு விலகினால் கால் சுற்றில் இறுகும், அரைச் சுற்றில் தளரும். முதல் தடவை தூண்டில் நரம்பு இழுத்துக் கட்டி, கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து அதைச் சரிபார்க்கவே இரண்டு நாள் ஆனது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டு தீபாவளி போய்விட்டது.

திட்டும்போதெல்லாம் ஒரு ராத்திரி குறுக்கே வருகிறது. 2024 நவம்பர் 30, பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை. அது போதாதென்று சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணை வழியாக வந்து எங்கள் பக்கம் ஏறியது. ஷெட்டுக்குள் ஒன்றரை அடித் தண்ணீர். கூட்டின் அடிப்பாகம் ஸ்டாண்டில் தரையிலிருந்து இரண்டு அடிக்கு மேல் நின்றதால் சேற்றுத் தண்ணீர் அதைத் தொடவில்லை. ஜாக்கி ஸ்டாண்டில் தாழ வைத்திருந்தால் புது வெல்டிங் முழுக்க ஊறிப் போயிருக்கும். (எஞ்சின் தரையில் இருந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.) வீல்களில் இரண்டு அன்றோடு துருவேறி இறுகின, ஸ்டாண்டு இப்போது இருக்கும் இடத்திலேயே குடியிருக்கிறது. தூண்களில் ஒரு விரிசல் இல்லை.

மைத்துனனுக்கு நான் சொன்னது: பத்துக்கு எட்டு மார்க், ஆனால் செய்யாதே. அம்பாசடர் 4.3 மீட்டர் நீளம், என்னுடையதைவிட ஒன்றேகால் அடிக்கு மேல் கூடுதல், அகலமும் கனமும் அதிகம். என் அச்சு மூன்றரை அடி உயரம், அது உனக்குப் போதாது, உருட்டும்போது மூலை தரையில் இடிக்கும். உயர்த்தினால் உன் ஷெட் கூரை இடிக்கும். பேசாமல் ஒரு நல்ல டிங்கரிங் பட்டறையில் விட்டுவிடு.

"அப்ப உங்க வேலை முடிஞ்சதும் அந்த ஸ்டாண்டையே எனக்குக் கொடுங்க, நான் நீட்டிக்கிறேன்" என்றான்.

தர முடியாது என்றேன். ஏன் என்று கேட்டான். எனக்கே பதில் தெரியவில்லை, அதனால் அவன் அக்காவிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.

வருகிற ஞாயிறு செயின் பிளாக்கும் அதைத் தொங்கவிட ஒரு முக்காலியும் ஏற்றிக்கொண்டு வருகிறானாம். என் கழுத்தை வெட்டிச் சரிசெய்யவா, அளவெடுத்துக்கொண்டு போகவா, கேட்கவில்லை. வரும் வழியில் அரை அங்குலத் தகடு இரண்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். ஓட்டை போட லேத்துக்காரர் இப்போது ₹2,200 கேட்கிறார்.