ஐசியுவில் ட்யூப் போட: வீடியோ லாரிங்கோஸ்கோப்பா, பைபாப் மாஸ்க்கா?

தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ பத்துப் படுக்கை ஐசியு ஒன்றைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள், எந்த வீடியோ லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்த்து ட்யூப் போட உதவும், கேமரா உள்ள கருவி) வாங்கலாம் என்று தவறாமல் விசாரிக்கிறார்கள். நியாயமான விசாரிப்புதான். ஆனால் ட்யூப் போடுவதற்கு, அதாவது வென்டிலேட்டரில் இணைக்க மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துவதற்கு, முந்தைய மூன்று நிமிடத்தில் நோயாளியின் முகத்தில் என்ன மாட்டியிருக்கப் போகிறது என்பதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. சமீபத்திய ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த மூன்று நிமிடத்துக்குத்தான் எடை அதிகம்.

தியேட்டரில் ட்யூப் போடுவதும் ஐசியுவில் போடுவதும் ஒன்றல்ல. தியேட்டருக்கு வருபவர் பெரும்பாலும் வெறும் வயிற்றோடு, ஓரளவு நல்ல நுரையீரலோடு வருகிறார். ஐசியுவில் நுரையீரலில் நீர் கோத்திருக்கும், பிபி ஊசலாடும், வயிற்றில் என்ன இருக்கிறதென்று தெரியாது. 29 நாடுகளில் 2,964 நோயாளிகளைக் கவனித்து 2021-ல் வெளியான 'இன்ட்யூப்' ஆய்வில், 45.2 சதவீதம் பேருக்கு அரை மணி நேரத்துக்குள் பெரிய சிக்கல் ஏதாவது ஒன்று வந்தது. ரத்த ஓட்டச் சரிவு 42.6, கடுமையான ஆக்சிஜன் குறைவு 9.3, இதயம் நின்றுபோனது 3.1 சதவீதம். எந்தக் கருவியை ஒப்பிட்டாலும், இந்த மூன்றில் எதை அது குறைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

நேரடி ப்ளேடும் வீடியோ ப்ளேடும்

கேமரா இல்லாமல் கண்ணால் நேரடியாகப் பார்க்கும் சாதாரண மேகின்டாஷ் ப்ளேடில் (லேசாக வளைந்த தகடு) நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, நுனியை நாக்கின் அடியிலுள்ள வாலெகுலா பள்ளத்தில் வைத்து, கைப்பிடி நீளும் திசையிலேயே தூக்க வேண்டும். மணிக்கட்டை மடக்கி நெம்பினால் மேல்வரிசைப் பல் போகும். வாய், தொண்டை, குரல்நாண் மூன்றும் கண்ணுக்கு ஒரே கோட்டில் வந்தாக வேண்டும் என்பதால் கைப்பழக்கம் இல்லாதவருக்குச் சிரமம். வீடியோவில் கேமரா ப்ளேடின் நுனிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்தக் கோடு தேவையில்லை.

2023-ல் வந்த 'டிவைஸ்' ஆய்வு இதை நேருக்கு நேர் சோதித்தது. அமெரிக்காவில் 17 அவசரப் பிரிவுகளிலும் ஐசியுக்களிலும் 1,417 பேர். முதல் முயற்சியிலேயே ட்யூப் போனது வீடியோவில் 85.1 சதவீதம், நேரடி ப்ளேடில் 70.8. பெரிய வித்தியாசம், மறுப்பதற்கில்லை. ஆனால் கடுமையான சிக்கல்கள் வீடியோவில் 21.4, நேரடியில் 20.9, கிட்டத்தட்ட சமம். ட்யூப் போட்டவர்களில் பெரும்பாலோர் பயிற்சியில் இருந்தவர்கள், அனுபவம் கூடக்கூட இந்த இடைவெளி சுருங்கியது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஜி.எச்., ஸ்டான்லி மாதிரி போதனா மருத்துவமனையில் மயக்கவியல் பிஜி (முதுகலை மாணவர்) கூப்பிடு தூரத்தில் இருப்பார். தனியார் ஐசியுவில் நள்ளிரவில் தனியாக நிற்கும் டியூட்டி டாக்டர், ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி அனஸ்தடிஸ்ட் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. வீடியோவின் பலன் முழுதாகக் கிடைப்பது அவர் கையில்தான்.

எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது. பிரான்ஸ் ஐசியுக்களில் 371 பேரிடம் நடந்து 2017-ல் வந்த 'மேக்மேன்' ஆய்வில் முதல் முயற்சி வெற்றி வீடியோவில் 67.7, நேரடியில் 70.3 சதவீதம். திரையில் குரல்நாண் பளிச்சென்று தெரிந்தும் ட்யூப் உள்ளே திரும்பாத சங்கடம் இதற்கு முக்கியக் காரணம்.

அதிக வளைவுள்ள வீடியோ ப்ளேடில் இது அடிக்கடி நடக்கும். அந்த வளைவுக்கு ஏற்ப ஸ்டைலெட்டையும் (ட்யூப்புக்கு வடிவம் கொடுக்க உள்ளே செருகும் கம்பி) ஏறக்குறைய 60 டிகிரி வளைக்காமல் ட்யூப் போகாது. முழுக் குரல்நாணும் தெரியட்டும் என்று ப்ளேடை ஆழமாகத் தள்ளினால் குரல்வளை மேலே தூக்கிக்கொண்டு, ட்யூப் போக வேண்டிய கோணம் இன்னும் கெடும். சற்று வெளியே இழுத்து, திரையில் பாதி தெரிந்தால் போதும் என்று விட வேண்டும். நுனி உள்ளே போனபின் முன்சுவரில் முட்டினால் ஸ்டைலெட்டை மூன்று, நான்கு செ.மீ. பின்னிழுத்து, ட்யூப்பை வலஞ்சுழியாகத் திருப்பித் தள்ளலாம். ட்யூப் வாய்க்குள் நுழையும்போது கண் திரையில் இருக்கக் கூடாது. அந்த இரண்டு விநாடியில்தான் அண்ணம் கிழிகிறது. ஏசி குளிரில் கிடந்த ப்ளேடு வாயின் சூட்டில் பனிபோல் மூடிக்கொள்ளும் என்பதால், சூடேற்றும் வசதியுள்ள கருவியை மருந்து கொடுக்கும் முன்பே ஆன் செய்து வைக்க வேண்டும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், மேகின்டாஷ் வளைவிலேயே வரும் வீடியோ ப்ளேடு. திரை இருண்டாலும் அதையே நேரடி ப்ளேடாகப் பயன்படுத்திவிடலாம். பாரிமுனைப் பக்கத்து சர்ஜிக்கல் கடைகளில் கேட்டால் மலிவான மாடல் பலதும் எடுத்துக் காட்டுவார்கள். திரையின் அளவைவிட, மாற்று ப்ளேடும் பேட்டரியும் தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்பது நல்லது.

என்ஆர்பிஎம் மாஸ்க்கும் பைபாப்பும்

ஆரோக்கியமான பெரியவர் நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. ஆக்சிஜன் செலவழிக்கிறார். மூச்சு விட்டபின் நுரையீரலில் தங்கும் காற்று சுமார் இரண்டரை லிட்டர். அது முழுக்க ஆக்சிஜனாக மாறியிருந்தால் மூச்சு நின்றபின் பல நிமிடம் தாங்கும். நிமோனியாவில் அந்தக் கொள்ளளவே சுருங்கிவிடுகிறது. மூடிக் கிடக்கும் காற்றறைகள் வழியே ஓடும் ரத்தம் ஆக்சிஜனைத் தொடாமலே திரும்புகிறது. ட்யூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்தி மூச்சையும் நிறுத்தும் தளர்ச்சி மருந்து கொடுத்த ஒரு நிமிடத்துக்குள் சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம்) 90-ஐத் தொடும். அதற்குக் கீழே சரிவு செங்குத்து.

வழக்கமாக மாட்டப்படும் என்ஆர்பிஎம் மாஸ்க் (பை இணைந்த ஆக்சிஜன் மாஸ்க்) நிமிடத்துக்கு 15 லிட்டரில் 100 சதவீத ஆக்சிஜன் தருவதில்லை. மூச்சு வாங்கும் நோயாளி நிமிடத்துக்கு 30, 40 லிட்டர் வேகத்தில் இழுக்கும்போது ஓரத்தில் வெளிக்காற்று நுழைகிறது. பைபாப் (மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்பும் முறை) இரண்டு வேலை செய்கிறது: இறுக்கமான மாஸ்க் வழியே 100 சதவீத ஆக்சிஜன், கூடவே மூடிய காற்றறைகளைத் திறக்கும் அழுத்தம்.

2024-ல் வெளியான 'ப்ரீஆக்ஸி' ஆய்வு அமெரிக்காவில் 24 பிரிவுகளில் 1,301 பேரிடம் நடந்தது. சாச்சுரேஷன் 85-க்குக் கீழே போனது ஆக்சிஜன் மாஸ்க்கில் 18.5 சதவீதம் பேருக்கு, பைபாப் வகையில் 9.1 சதவீதம் பேருக்கு. இதயம் நின்றது 1.1-க்கு எதிராக 0.2. காற்றை அழுத்தி அனுப்பினால் வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பழைய பயத்துக்கும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை: பைபாப்பில் 0.9, மாஸ்க்கில் 1.4 சதவீதம். வீடியோ ப்ளேடால் கிடைக்காத பலன் இது. இத்தனைக்கும் வென்டிலேட்டர் ஏற்கெனவே படுக்கைப் பக்கத்தில் நிற்கிறது. தனியாக வாங்க வேண்டியது மாஸ்க் மட்டும்.

செட்டிங் எளிது. தலைமாட்டை 20 முதல் 30 டிகிரி உயர்த்தி, வென்டிலேட்டரை என்ஐவி மோடில் (ட்யூப் இல்லாமல் மாஸ்க் வழியே காற்று தரும் முறை) வைத்து, ஆக்சிஜன் 100 சதவீதம், உள்மூச்சு அழுத்தம் குறைந்தது 10, வெளிமூச்சு அழுத்தம் குறைந்தது 5 செ.மீ. நீர், பேக்கப் ரேட் 10. குறைந்தது மூன்று நிமிடம். மயக்க மருந்தும் தளர்ச்சி மருந்தும் போனபிறகும் மாஸ்க்கைக் கழற்றாமல், ப்ளேடு வாய்க்குள் நுழையும் கணம்வரை ஓடவிட வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: மருந்து போட்டதும் மாஸ்க்கை எடுத்துவிட்டு, தாடை தளரும்வரை ஒரு நிமிடம் கைகட்டி நிற்பார்கள். அந்த நேரத்தில் ஆம்பு பேக்கால் (கையால் அழுத்தும் பை) காற்று கொடுத்தாலே கடுமையான ஆக்சிஜன் குறைவு 22.8-லிருந்து 10.9 சதவீதமாக இறங்கியது என்று 401 பேரிடம் நடந்த 'ப்ரிவென்ட்' ஆய்வு 2019-லேயே காட்டிவிட்டது.

இன்னொரு பொறி, வீட்டு உபயோக பைபாப் மெஷின். சிறிய நர்சிங் ஹோம்களில் இதுதான் இருக்கும். இதில் ஆக்சிஜனைப் பக்கக்குழாய் வழியே கலப்பதால் 100 சதவீதம் எட்டாது. மாஸ்க்கும் மெஷினுக்கேற்ப மாறும்: இரட்டைக் குழாய் வென்டிலேட்டருக்குத் துளையில்லாத மாஸ்க், பெரும்பாலும் அதன் முழங்கை நீல நிறத்தில் இருக்கும். ஒற்றைக் குழாய் மெஷினில், குழாயில் தனியாக வெளியேற்றுத் துளை இல்லாதபோது அதை மாட்டினால் விட்ட மூச்சே திரும்பி வரும். தாடி, பல்செட் இல்லாத வாய் இரண்டிலும் கசிவு உறுதி. பல்செட்டைக் கடைசி நிமிடத்தில் கழற்றினால் போதும்.

பூஜியா, ஸ்டைலெட்டா?

பூஜி என்பது முதலில் மூச்சுக்குழாய்க்குள் நுழைத்து, அதன் மேல் ட்யூப்பை ஓட்டும் நீளமான மெல்லிய குச்சி. இதில் சண்டைக்கு இடமில்லை. 1,102 பேரிடம் நடந்து 2021-ல் வந்த ஆய்வில் முதல் முயற்சி வெற்றி பூஜியில் 80.4, ஸ்டைலெட்டில் 83.0. அன்றாடம் பூஜி பிடிக்கும் ஒரே மருத்துவமனையில் நடந்த 2018 ஆய்விலோ பூஜிக்கு 98, ஸ்டைலெட்டுக்கு 87. பழகியது எதுவோ அது. ஸ்டைலெட் என்றால் நுனி ட்யூப்பை விட்டு வெளியே நீட்டக் கூடாது. சாதாரண ப்ளேடுக்கு கஃப் (ட்யூப் நுனியருகே உள்ள பலூன்) வரை நேராக, பிறகு 35 டிகிரிக்கு மேல் போகாத வளைவு. பூஜி மேல் ட்யூப்பை ஓட்டும்போது லாரிங்கோஸ்கோப்பை எடுத்துவிடுவதுதான் வழக்கமான பிழை. ட்யூப் தடுக்கினால் அழுத்தாமல் இடஞ்சுழியாக 90 டிகிரி திருப்புங்கள். கழுவிக் கழுவி நுனி வளைவு போன பூஜியை வண்டியில் வைத்திருப்பதும் வைக்காததும் ஒன்று.

பிபி சரிவுக்கு இந்தக் கருவி எதுவும் உதவாது. முன்கூட்டியே 500 மி.லி. சலைன் ஏற்றுவதும் உதவவில்லை என்று 1,065 பேரிடம் நடந்த 2022 ஆய்வு சொல்கிறது. பிபியை உயர்த்தும் நார்அட்ரினலின் பம்ப்பில் லோடு ஆகி, லைனில் இணைந்து தயாராக இருப்பதே உருப்படியான ஏற்பாடு. அழுத்தக் காற்றும் பிபியைக் கொஞ்சம் இறக்கும் என்பதால் பைபாப் போடும்போது இது இன்னும் அவசியம்.

பைபாப் தோற்கும் இடமும் உண்டு. ரத்த வாந்தி, நிற்காத வாந்தி, முகத்தில் அடி: மூன்றிலும் மாஸ்க்கை இறுக்கக் கூடாது. அப்போது தலையை உயர்த்தி, ஃப்ளோமீட்டரை 15-ஐத் தாண்டி முழுக்கத் திறந்த என்ஆர்பிஎம், மூக்கில் தனியாக ஒரு கேனுலா (ஆக்சிஜன் குழாய்). கேமராவும் ரத்தத்தில் குருடாகும். தடித்த சக்ஷன் (உறிஞ்சு குழாய்) இரண்டும், நேரடிப் பார்வை பழகிய கையும் தேவைப்படும் இடம் அது.

கேப்னோகிராஃப் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) இன்னும் இல்லாத ஐசியு, மேலே சொன்ன எதற்கும் முன்னால் அதை வாங்கட்டும். ட்யூப் போனபின் குறைந்தது ஏழு மூச்சுக்கு அலை தொடர்ந்து வர வேண்டும். கோடு தட்டையாக இருந்தால் உணவுக்குழாயில் போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இதயம் நின்று, நெஞ்சு அழுத்தப்பட்டுக்கொண்டிருக்கும் நோயாளிக்குக்கூடச் சிறிய அலையாவது வரும். நீர் சேகரிக்கும் ட்ராப் நிறைந்து அடைத்திருந்தாலும் கோடு தட்டையாகும் என்பதால், அதை முன்பே காலி செய்து, தன் மூச்சை ஒருமுறை ஊதிப் பார்ப்பது ஷிஃப்ட் எடுக்கும் நர்ஸின் வேலை.