64 பிள்ளைகள், 2 நாள்: பேரிங் எப்படிப் போடுவது?

ஒரு பள்ளி மண்டபம், 64 பிள்ளைகள், சனி ஞாயிறு என்று 2 நாள் செஸ் போட்டி. யார் யாரோடு ஆடுவது என்ற பேரிங்கை எந்த முறையில் போடலாம்?

எல்லோரும் எல்லோருடனும் ஆடும் ரவுண்ட் ராபின்தான் நியாயத்தில் முதலிடம். ஆனால் 64 பேருக்கு 63 சுற்று, 2016 ஆட்டம். 2 நாளில் எப்படி முடியும்? உலக சாம்பியனோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்ய, 8 பேர் ஆளுக்கு இரண்டு முறை மோதி 14 சுற்று ஆடும் கேண்டிடேட்ஸுக்கு அது சரி. 2024இல் டொராண்டோவில் குகேஷ் 9 புள்ளி எடுத்து ஜெயித்தது அப்படித்தான். அதிலும் ஓட்டை உண்டு. 1962இல் குராசாவில் நடந்த கேண்டிடேட்ஸில் சோவியத் வீரர்கள் பெட்ரோசியன், கெரஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டத்தையும் டிரா செய்தார்கள். இது கூட்டுச் சதி என்று அமெரிக்காவின் ஃபிஷர் கொதித்துப்போனார். அடுத்த தடவை கேண்டிடேட்ஸையே நாக் அவுட்டாக மாற்ற வேண்டியதாயிற்று.

நாக் அவுட்டில் 63 ஆட்டம் போதும். விறுவிறுப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த பிள்ளை காலை பத்தரைக்குத் தோற்றுவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதத்தைத் திறக்காமலே ஊர் திரும்பும். பெரியவர்களுக்கும் இது கொடுமைதான். 1997 டிசம்பரில் குரோனிங்கனில் உலக சாம்பியன் பட்டத்துக்கான நாக் அவுட்டில் ஆனந்த் சுற்றுக்குச் சுற்று போராடி ஜெயித்து வந்தார். நேரே இறுதிக்கு அனுப்பப்பட்ட நடப்பு சாம்பியன் கார்ப்போவ் ஓய்வாகக் காத்திருந்தார். சில நாள் இடைவெளியில் லோசானில் மோதல். 3-3 என்று சமன், குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிடில் ஆனந்த் தோற்றார். இதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

என் ஓட்டு சுவிஸ் முறைக்கு. 1895இல் சூரிச்சில் தொடங்கியது, 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடிலும் அதுதான். பலத்தின் வரிசையில் எண் கொடுத்து, முதல் சுற்றில் 1ஆம் எண்ணுக்கு 33, 2க்கு 34. அப்புறம் ஜெயித்தவர் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. ஒருமுறை மோதிய இருவர் மறுபடி மோதுவதில்லை. 7 சுற்று வைத்தால் 224 ஆட்டம், சனி நாலு, ஞாயிறு மூன்று. யாரும் பாதியில் கிளம்ப வேண்டாம். கடைசிப் பலகையிலும் இரண்டு பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். முதல் சுற்று மட்டும் ஒருதலைப்பட்சமாக இருக்கும். பாதிப் பலகைகள் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும்.

சுவிஸில் எனக்குப் பிடிக்காதது புக்கோல்ஸ் என்ற சமன் உடைக்கும் கணக்கு. முதலிடத்தில் இருவர் சமம் என்றால், அவரவர் எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்துக் கோப்பையைக் கொடுக்கிறார்கள். முதல் சுற்றில் தன்னிடம் தோற்ற பையன் கடைசிச் சுற்றில் ஜெயிக்க வேண்டும் என்று, இவன் அவன் பலகைக்குப் பின்னால் நின்று சாமி கும்பிட வேண்டும். ஆறாவது இடமா ஏழாவதா என்று பார்க்க அது போதும். முதலிடத்துக்கு வேண்டாம். 2025 தொடக்கத்தில் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ போட்டியில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் 8.5 புள்ளியில் சமமாக நின்றபோது சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆடவிட்டார்கள். பிரக்ஞானந்தா 2-1 என்று ஜெயித்தார். நம் மண்டபத்திலும் அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். பரிசு கொடுக்க வரும் தலைமை விருந்தினர் எப்படியும் தாமதமாகத்தான் வருவார்.