ஊர்ப்பெயர் சரிபார்க்க 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளம்: டெல்டாவில் எவ்வளவு தேறும்?

யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பார்த்தால் நட்டநடு வயலில் ஓர் ஊர்ப்பெயர் நிற்கும். செயற்கைக்கோள் படத்தில் அங்கே ஒரு கூரைகூட இருக்காது. அழிக்கலாமா என்று பார்க்கப் பலர் போவது அரசின் இந்த நில ஆவணத் தளத்துக்குத்தான். இந்த வேலைக்கு அது பாதிதான் உதவும்.

மாவட்டம், வட்டம் தேர்ந்தெடுத்ததும் வருவது வருவாய் கிராமங்களின் பட்டியல். பெயர் அதில் இருந்தால் அப்படி ஓர் எல்லை உண்டு, அவ்வளவே. ஒரே வருவாய் கிராமத்துக்குள் பல குக்கிராமங்கள் இருக்கும். குடியே இல்லாத கிராமமும் உண்டு. பட்டியலில் இல்லை என்பதால் ஊரும் இல்லை என்று ஆகாது.

தளத்தின் பலம் அ-பதிவேடு, அதாவது ஒவ்வொரு புல எண்ணிலும் உள்ள நிலம் என்ன வகை என்று சொல்லும் கிராமப் பதிவேடு. புல எண் கொடுத்துப் பாருங்கள். கிராம நத்தம் என்று வந்தால் அது குடியிருப்புக்கான நிலம். நன்செய் என்று வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். கிராம எல்லையின் மையத்தில் பெயரைப் பொருத்துவது வரைபடக்காரர்களின் பழக்கம். இங்கே தெருக்கள் ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் ஒட்டி நீளும். மையம் வயலில்தான் விழும். புள்ளியை நத்தத்துக்கு நகர்த்தினால் போதும். புல எண் தெரியாதவருக்குத் தளம் கைகொடுக்காது. புறம்போக்கில் குடியிருப்பவர்களின் ஊரையும் நத்தத்தை வைத்துப் பிடிக்க முடியாது.

அந்தக் குறையைத் தீர்ப்பது வாக்காளர் பட்டியலின் முதல் பக்கம். ஒரு பாகத்துக்குள், அதாவது ஒரு வாக்குச்சாவடிக்குள், வரும் பிரிவுகள் ஊர், தெருப் பெயரோடு தமிழிலேயே இருக்கும். ஆங்கில எழுத்தைப் பார்த்து லகரமா ழகரமா என்று தடுமாற வேண்டாம். ஆட்களின் பெயர் உள்ள பக்கங்கள் இதற்குத் தேவையே இல்லை. கொள்ளிடத்து நாதல்படுகை, முதலைமேடுதிட்டு போன்றவை தூரப் பார்வைக்கு வெறும் ஆற்றுப்படுகை. வெள்ளம் வந்தால் முகாமுக்குப் போகிற மக்கள் வாழும் ஊர்கள் அவை. பெயரில் 'படுகை', 'திட்டு' என்று இருப்பதை மட்டும் வைத்து வெட்டுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிடும்போது மயிலாடுதுறை ஊர்களை நாகப்பட்டினத்தின் கீழ் தேடவேண்டும். மாவட்டம் பிரிந்தது 2020இல். '54 நெம்மேலி' போல எண்ணோடு வரும் பெயரில் எண்ணை வெட்டாதீர்கள். 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்கு அறிவித்த புதிய ஆங்கில எழுத்துக்கூட்டலை அரசே சில நாட்களில் திரும்பப் பெற்றது; ஒரே ஊர் இரு எழுத்துக்கூட்டலில் இரட்டைப் புள்ளியாக நின்றால், ஒன்றாக்குமுன் இரண்டின் திருத்த வரலாற்றையும் திறந்து பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் வீடில்லை, பெயர் மட்டும் வழக்கில் உண்டு என்றால் வரைபடத்தில் அந்தப் புள்ளிக்குள்ள 'ஹேம்லெட்' (குக்கிராமம்) குறிச்சொல்லை 'லொகாலிட்டி' ஆக்குங்கள். ஆளில்லா இடப்பெயருக்கு உரியது அதுதான்.

தளத்துக்கு என் மதிப்பெண்: ஐந்துக்கு மூன்று.