ஈபேயில் பழைய டிஸ்னிலாண்ட்: காகிதம் சரி, ‘பின்’ மூட்டை வேண்டாம்

டிஸ்னிலாண்டின் பழைய நினைவுப்பொருள்களைத் தேடுபவர்கள் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து நிற்பது ஈபே என்ற இணையச் சந்தையில்தான். பூங்கா இருக்கும் கலிஃபோர்னியாவின் அனாஹைமுக்குப் பக்கத்து ஊரான ஆரஞ்சின் பழைய கடைத்தெருவில் ஆன்டிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பழம்பொருள் சந்தை கூடுகிறது. பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க அவைதான் நல்லது. ஆனால் நாள் முழுக்க அலைந்தாலும் அங்கே கண்ணில் படுவது ஏதோ சில உருப்படிகள்தான். ஈபேயில் சரக்குக்குப் பஞ்சமே இல்லை. தரம்தான் வகைக்கு வகை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. நம் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சீட்டு, வரைபடம் போன்ற காகிதம் வாங்க இதைவிட நல்ல இடம் இல்லை, ‘பின்’ எனப்படும், குத்திக்கொள்ளும் எனாமல் சின்னங்களை மொத்தமாக வாங்க இதைவிட மோசமான இடமும் இல்லை.

முதலில் காகிதம். அதிலும் பழைய ரைடு சீட்டுகள்.

1955 ஜூலை 17 அன்று பூங்கா திறந்தபோது நுழைவுக்கு ஒரு கட்டணம், உள்ளே ஒவ்வொரு ரைடுக்கும் தனிக் காசு. அதே ஆண்டு அக்டோபரில் ஏ, பி, சி என மூன்று தரத்தில் சீட்டுப் புத்தகம் வந்தது. 1956இல் டி சேர்ந்தது. 1959இல் மேட்டர்ஹார்ன் பனிமலை, நீர்மூழ்கிக் கப்பல், மோனோரயில் மூன்றும் ஒன்றாகத் திறந்தபோது இ சீட்டு பிறந்தது. 1982இல் எல்லா ரைடுக்கும் ஒரே பாஸ் என்றானதும் சீட்டுக் காலம் முடிந்தது. எழுபதுகளில் ஏ சீட்டு 10 சென்ட், இ சீட்டு 85 சென்ட்.

இன்றைய விலையின் சூட்சுமம் இந்தத் தரப் பிரிவில்தான் இருக்கிறது. குடும்பமாகப் போனவர்கள் இ, டி சீட்டுகளை மத்தியானத்துக்குள் தீர்த்துவிடுவார்கள். ராட்டினத்துக்கும் மெயின் ஸ்ட்ரீட் குதிரை டிராமுக்கும் செல்லும் ஏ சீட்டு மிஞ்சும். தூக்கிப்போட மனசில்லாமல் வீட்டு மேசை டிராயரில் போட்டு வைப்பார்கள். அந்த டிராயர்கள்தான் இப்போது ஈபேக்கு வந்து கொண்டிருக்கின்றன. அதனால் தனி ஏ சீட்டு சில டாலருக்கே கிடைக்கும். கிழிக்காத இ சீட்டுக்கு அதைப் போலப் பல மடங்கு. ‘முழுப் புத்தகம்’ என்று போட்டு, உள்ளே ஏயும் பியும் மட்டும் இருப்பதை விற்பது அன்றாடம் நடப்பது. விற்பவர் ஏமாற்றுகிறார் என்றுகூடச் சொல்ல முடியாது. பாட்டி வீட்டைக் காலி செய்பவருக்கு இந்த விவரம் எங்கே தெரியும்? அட்டையில் 10, 15 என்று எத்தனை ரைடுக்கான புத்தகம் என அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்துப் படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள். ஸ்டேப்பிள் ஓரத்தில் நிற்கும் கிழிசல்களை எண்ணினால் எத்தனை போயிற்று என்பதும் தெரிந்துவிடும்.

வயதைக் கண்டுபிடிக்க விற்பவர் சொல்லும் ஆண்டை நம்ப வேண்டாம், சீட்டே சொல்லும். எந்தெந்த ரைடுக்குச் செல்லும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. பைரட்ஸ் ஆஃப் தி கரீபியன் பெயர் இருந்தால் அது 1967க்கு முந்தியதாக இருக்க முடியாது. ஹான்டட் மேன்ஷன் என்றால் 1969, ஸ்பேஸ் மவுண்டன் என்றால் 1977, பிக் தண்டர் மவுண்டன் என்றால் 1979. மேன்ஷன் இருக்கிறது, ஸ்பேஸ் மவுண்டன் இல்லை என்றால் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஒன்று. அச்சடித்த கையிருப்பு தீரும்வரை பழையதையே கொடுத்திருக்கலாம் என்பதால், இந்தக் கணக்கில் முந்தைய எல்லையைத்தான் உறுதியாகச் சொல்லலாம். இன்னொரு குழப்பமும் உண்டு. 1971 அக்டோபரில் ஃபுளோரிடாவில் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டிலும் இதே ஏ முதல் இ வரை சீட்டுகள் இருந்தன. அங்கே மேன்ஷன் முதல் நாளிலிருந்தே ஓடியது; ஸ்பேஸ் மவுண்டன் 1975இலேயே வந்துவிட்டது. கலிஃபோர்னியா கணக்கை ஃபுளோரிடா சீட்டில் போட்டால் விடை தப்பாகிவிடும். முதலில் பூங்காவின் பெயரைப் படியுங்கள்.

போலி? ஏ சீட்டைப் போலியாக அடித்து யாருக்கும் லாபமில்லை. இ சீட்டு, திறப்பு நாள் அழைப்பு இரண்டிலும் கவனம் தேவை. திறப்பு நாளன்றே போலி அழைப்போடு ஏராளமான பேர் உள்ளே நுழைந்தார்கள் என்பது ஊரறிந்த கதை; எழுபது வருடப் பாரம்பரியம் என்று வைத்துக்கொள்ளலாம்! சோதனைக்கு 10 மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். தனித்தனி மையில் அச்சான பழைய சீட்டில் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும், உள்ளே ஒரே நிறம் நிரம்பியிருக்கும். ஸ்கேன் செய்து மறுபடி அடித்ததில் அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகச் சிதறும். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்திருந்தால் ஓரம் தூசி தெளித்தாற்போல் இருக்கும். கிழிக்கும் துளைவரிசை உண்மையிலேயே துளையா, துளைபோல் அச்சடித்த கோடா என்பதையும் பாருங்கள். புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் போலி என்று சிலர் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் ஐம்பதுகளிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1970களின் அசல் சீட்டும் ஒளிரலாம்.

அடுத்து வரைபடங்கள். டிஸ்னி ஓவியர் சாம் மெக்கிம் வரைந்து 1958 முதல் 1964 வரை பல பதிப்பாக விற்ற பெரிய சுவர் வரைபடம்தான் எல்லோரும் தேடுவது. இங்கே போலியைவிடப் பெரிய தொல்லை, மறு அச்சை மறு அச்சு என்று சொல்லாமல் விடுவது. தலைப்பில் ‘விண்டேஜ் ஸ்டைல்’ என்று இருந்தால் அது விண்டேஜ் இல்லை, அவ்வளவுதான். ஆண்டுக் கணக்காக மடித்துக் கிடந்த அசலில் மடிப்புக் கோட்டில் மை உதிர்ந்து காகிதத்தின் நார் வெள்ளையாகத் தெரியும்; மடிப்புகள் சந்திக்கும் முனையில் சின்ன ஓட்டை விழுந்திருக்கும். பழைய வரைபடத்தைப் படம் எடுத்து அடித்திருந்தால் மடிப்பு கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தட்டுப்படாது. விற்பவரிடம் பின்பக்கப் படம் கேட்பது இதற்குத்தான். பின்பக்கத்தில் மஞ்சள் செலோடேப் ஒட்டியிருந்தால் விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள். அந்தப் பசை காகிதத்துக்குள் ஊறியிருக்கும், வீட்டில் எடுக்க வராது.

நுழைவாயிலில் தொங்கிய பெரிய ரைடு போஸ்டர்களை ஈபேயில் தேடாமல் இருப்பதே உத்தமம். 36க்கு 54 அங்குல அளவில் சில்க் ஸ்கிரீன் முறையில் அடித்தவை அவை. மை காகிதத்தின்மேல் பெயின்ட் மாதிரி தடிப்பாக நிற்கும், புள்ளியே இருக்காது. விலை ஆயிரக்கணக்கான டாலர். அந்தப் பணத்துக்கு, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள வான் ஈட்டன் கேலரீஸ் போல இதையே தொழிலாக நடத்தும் ஏல நிலையத்துக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். 1953இல் வால்ட் டிஸ்னியும் ஓவியர் ஹெர்ப் ரைமனும் உருவாக்கிய பூங்காவின் முதல் வரைபடம் 2017இல் 7,08,000 டாலருக்குப் போனது அங்கேதான். அது நமக்கு எட்டாது. ஆனால் அவர்களுடைய பழைய கேட்லாக்குகள் எட்டும். அசலின் படம், அளவு, ஆண்டு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால், ஈபேயில் வாங்கும்முன் ஒப்பிட்டுப் பார்க்கத் தோதானவை. ஏலத்தில் கேட்டால் ஒன்றை மறக்க வேண்டாம்: சுத்தியல் தட்டிய விலைக்கு மேல் வாங்குபவர் கமிஷன் தனி, அதற்கும் மேல் வரி, அனுப்பும் செலவு.

இப்போது பின்.

1999 அக்டோபரில் ஃபுளோரிடாவில் மில்லேனியம் கொண்டாட்டத்தோடு பின் மாற்றும் வழக்கம் தொடங்கியது. பூங்கா ஊழியர் கழுத்துப்பட்டையில் பின்களைக் குத்தி வைத்திருப்பார். நம்மிடம் உள்ள டிஸ்னி பின் ஒன்றைக் கொடுத்து அவரிடம் உள்ளதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பூங்காக் கடையில் ஒரு பின் 10 டாலருக்கு மேல். ஈபேயில் ‘50 பின், எல்லாம் வேறு வேறு, மாற்றிக்கொள்ள உகந்தவை’ என்று ஒரு மூட்டை, பின் ஒன்றுக்கு ஒரு டாலர்கூட வராது. இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது என்று யோசித்தாலே போதும். சேகரிப்பாளர்கள் இவற்றை ‘ஸ்க்ராப்பர்’ என்பார்கள்: ஆர்டர் எண்ணிக்கைக்கு மேல் ரகசியமாக அடித்தது, தரச் சோதனையில் கழித்தது, அசலைப் பார்த்து வேறு அச்சில் வார்த்தது, எல்லாம் கலந்த சரக்கு.

இதில் ஒரு சுழற்சி இருக்கிறது. மூட்டையில் வாங்கியவர் அதைப் பூங்காவுக்குக் கொண்டுபோய் ஊழியரிடம் மாற்றுகிறார். அடுத்து வருபவர் அதையே எடுத்துப் போகிறார். ஆகவே ‘பூங்காவுக்குள்ளேயே ஊழியரிடம் வாங்கியது’ என்று விற்பவர் சத்தியம் செய்தாலும், அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அது அசல் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

எனவே பின்னையே பார்க்க வேண்டும். முன்பக்கத்தில் எனாமல் நிறையாமல் குழிந்திருக்கிறதா, ஒரு நிறம் பக்கத்துக் கட்டத்துக்குள் வழிந்திருக்கிறதா, முகத்தின் நிறம் கொஞ்சம் பச்சையடித்தோ ரோஜாவாகவோ தெரிகிறதா என்று கவனியுங்கள். விரலால் ஓரத்தைத் தடவினால் பிசிறு தட்டக் கூடாது. பின்பக்கம்தான் அதிகம் பேசும். சின்னச் சின்ன மிக்கி தலைகளைக் கொண்ட கட்டம் போட்ட பின்னணி பல பின்களில் உண்டு. நல்லதில் அந்தக் கட்டம் ஓரம்வரை ஓடி வெட்டுப்பட்டு நிற்கும். ஸ்க்ராப்பரில் ஓரத்துக்கு முன்னாலேயே நின்று, சுற்றிலும் வரப்பு கட்டியதுபோல் ஒரு விளிம்பு தெரியும். எழுத்துகள் மழுங்கி, ©க்குள் இருக்கும் எழுத்து வெறும் பொட்டாகியிருக்கும். வரப்பு உள்ள அசல்களும் உண்டு. ஆகையால் ஒரு குறையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் விட்டுவிடுங்கள். ‘ஃபேன்டசி பின்’ என்பது வேறு வகை: ரசிகர்கள் உரிமம் இல்லாமல் தாங்களே அடித்தது. சொல்லி விற்றால் அது ஏமாற்று இல்லை, ஆனால் பூங்காவில் மாற்ற வாங்க மாட்டார்கள்.

பின்தான் வேண்டும் என்றால் அசல் அட்டையில் குத்தியிருப்பதாக, ஒற்றையாக, முன்னும் பின்னும் தெளிவான படத்தோடு வாங்குங்கள். சிறுசாக, மலிவாக ஏதாவது சேர்க்கலாம் என்றால், இயந்திரத்தில் நசுக்கிப் படம் பதித்த பென்னி (ஒரு சென்ட்) நாணயம் எவ்வளவோ மேல். அதற்குப் போலி அடிக்கச் செலவுதான் மிச்சம். அமெரிக்க பென்னி 1982இல் செம்பிலிருந்து, செம்பு பூசிய துத்தநாகத்துக்கு மாறியது. இயந்திரத்தில் நசுக்கும்போது மேல்பூச்சு விரிந்து உள்ளே உள்ள சாம்பல் நிறம் கோடு கோடாகத் தெரியும். நகைத் தராசில் வைத்தால் சந்தேகமே இருக்காது: பழைய செம்பு 3.11 கிராம், புதியது 2.5 கிராம். நசுக்கினாலும் எடை மாறாது. செம்பில் எடுத்ததே பார்க்கவும் அழகு, நாளாக ஆக நிறமும் ஏறும்.

ஈபேயின் வசதிகளில் உண்மையில் உதவுவது இரண்டு. ஒன்று, விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி. கடந்த 90 நாளில் என்ன விலைக்குப் போனது என்று காட்டும். கேட்கும் விலை ஆசை, விற்ற விலைதான் நிலவரம். பத்துப் பேர் 60 டாலர் கேட்கும் பொருள் அந்தப் பட்டியலில் 18 டாலருக்குப் போயிருப்பதைப் பார்க்கலாம். இன்னொன்று, பணம் திரும்பக் கிடைக்கும் உத்தரவாதம். விவரித்தபடி பொருள் இல்லையென்றால், ‘ரிட்டர்ன் இல்லை’ என்று விற்பவர் போட்டிருந்தாலும், கையில் கிடைத்து 30 நாளுக்குள் முறையிடலாம். இங்கே நம்மவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அனுப்பும் செலவை மிச்சம் பிடிக்க, அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்து, அவர் டிசம்பரில் வரும்போது பெட்டியில் கொண்டுவரச் சொல்வது. பார்சலைப் பிரிக்கும்போது கெடு தாண்டியிருக்கும். கிடைத்த அன்றே அவரைப் பிரித்து முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வந்த காகிதத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். அத்தோடு அதன் விலை போச்சு. பிவிசி உறையும் ஆகாது. நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பிடித்து இழுக்கும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறையில் போட்டு, அமிலமில்லாத அட்டையோடு படுக்கவாட்டில் வையுங்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊர் என்றால் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். சில்வர்ஃபிஷ் பூச்சிக்குப் பழைய காகிதம் என்றால் கொள்ளைப் பிரியம்.

பணம் கட்டியவுடன் விற்பவருக்கு இரண்டு வரி எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். சாதாரணக் கவரில் போட வேண்டாம். தபால் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் அது வளைந்துதான் வரும். சீட்டைவிட இரண்டு விரல் பெரிதாக வெட்டிய இரண்டு அட்டைகள், அட்டைக்குள் இருக்கும் அலைவரி ஒன்றில் நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் இருக்க வேண்டும். நடுவில் உறையோடு சீட்டு. டேப் அட்டையோடு அட்டையை மட்டும் பிடிக்க வேண்டும், உறையின்மேல் ஒட்டக் கூடாது. இவ்வளவு எழுதினால் பெரும்பாலானவர்கள் செய்து அனுப்பிவிடுகிறார்கள்.